மாதர் பக்கம்: மஞ்சள் நீருக்கு முன்பு

சென்ற மாதம் நம் சங்கத்துச் சகோதரி ஒருவர், தம் மூத்த மகளின் மஞ்சள் நீராட்டு விழாவுக்கு அழைக்க நம் இல்லத்திற்கு வந்திருந்தார். மும்பை தாராவியில் குடியிருப்பவர். தாய்மாமன் சீருடன் ஊரிலிருந்து ரயிலேறுகிறார், சமையலுக்கு ஆள் பேசியாயிற்று என்று மகிழ்ச்சியோடு சொல்லிவந்தவர், திடீரென்று குரலைத் தாழ்த்திக்கொண்டார். பன்னிரண்டு வயதுப் பெண் பள்ளிக்கூடத்தில் ருதுவானாளாம். உள்ளே ஏதோ புண்ணாகிவிட்டது, இனிப் பிழைக்கமாட்டோம் என்றஞ்சி, கழிப்பறையைத் தாழிட்டுக்கொண்டு வெகுநேரம் அழுதிருக்கிறாள். "முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், எப்படிச் சொல்வதென்றுதான் தெரியவில்லை" என்றார்.

அவரை நாம் குறை கூறவில்லை. ஊரிலானால் பாட்டியோ அத்தையோ சொல்லியிருப்பார்கள். இங்கே ஓர் அறையில் குடித்தனம். தாயைத் தவிர யாருமில்லை. அவருக்கோ வாயில் வருவதெல்லாம் 'தூரம்', 'விலக்கு', 'தலைக்குக் குளிப்பது' என்ற மறைமொழிகளே. மகளின் மராத்தித் தோழிகள் அதைப் 'பாளி' என்கிறார்கள். பூப்பு என்ற சொல் தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. ஊரறியப் பந்தல் போடவும் நாம் தயங்குவதில்லை. பெண்ணிடம் மட்டும் பேச வெட்கப்படுகிறோம்!

ஒன்பது, பத்து வயதிலேயே சொல்லிவிடலாம். இது நோயுமன்று, கெட்ட இரத்தமுமன்று. கருப்பையின் உட்படலம் மாதந்தோறும் கழிவதே. இரண்டு முதல் ஏழு நாட்கள் இருக்கும். தொடக்கத்தில் ஓரிரு ஆண்டுகள் முறை தவறி வருவதும் இயல்பு. இவ்வளவு சொன்னாலே அச்சத்திற்கு இடமில்லை.

அடுத்தது துணி விஷயம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 24 வயது வரையுள்ள பெண்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் இன்னும் துணியைப் பயன்படுத்துகின்றனர். துணி இழுக்கன்று. சோப்பிட்டு அலசி, நல்ல வெயிலில் உலர்த்தினால் போதும். ஆனால் நம் குடியிருப்புகளில் கொடி கட்டுவது பொதுச் சந்தில். பிறர் கண்ணுக்கு அஞ்சிக் கதவிடுக்கிலும், புடவைக்கு அடியிலும் காயப் போடுகிறோம். ஈரம் போகாத துணியால் அரிப்பும் தொற்றும் வரும். ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்நகரத்து மழையில் வெயிலைக் காண்பதே அரிது. அந்த மாதங்களிலேனும் கடை நாப்கினை வாங்குவதே உத்தமம். 2018 ஜூலையில் அதன்மீதிருந்த வரி நீக்கப்பட்டது. ஜன் ஔஷதிக் கடைகளில் 2019 ஆகஸ்டு முதல் ஒன்று ஒரு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வீட்டுத் தலைவர் வேலையிலிருந்து திரும்பும்போது வாங்கி வரலாம். அதைக் கறுப்புப் பையில் ஒளித்து எடுத்துவர வேண்டிய அவசியமுமில்லை.

எதுவாயினும் நான்கு முதல் ஆறு மணி நேரத்திற்கு ஒருமுறை மாற்றவேண்டும். பயன்படுத்தியதைக் காகிதத்தில் சுற்றிக் குப்பைக் கூடையில் போடவேண்டும். பொதுக் கழிப்பறைக் குழியில் போட்டால் அடைத்துக்கொள்ளும்.

பள்ளிக்கூடத்தில் மாற்ற முடிகிறதா என்பதை எத்தனை தாய்மார் கேட்டறிந்திருக்கிறோம்? அங்கே போக நேருமே என்று காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கும் சிறுமிகளை நாம் அறிவோம். அந்த மூன்று நாளும் வீட்டிலேயே நின்றுவிடுபவரும் உண்டு. பெற்றோர் கூட்டத்தில் மார்க்கைப் பற்றி மட்டும் விசாரித்துத் திரும்பாமல், கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் உண்டா, தண்ணீர் வருகிறதா, கூடை வைத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். நாலைந்து பேர் சேர்ந்து கேட்டால் தலைமையாசிரியர் தட்டமாட்டார்.

அதே ஆய்வில், 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தசோகை காணப்பட்டது. பள்ளியில் வாரந்தோறும் தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைப் பெண் விழுங்குகிறாளா, பையிலேயே வைத்திருக்கிறாளா என்று பாருங்கள். ஏழு நாட்களுக்கு மேல் போக்கு நீடித்தாலும், பள்ளிக்குப் போகமுடியாத வலி இருந்தாலும், பதினைந்து வயதாகியும் பூப்பெய்தாவிட்டாலும் டாக்டரிடம் காட்டவேண்டும்.

விழாவுக்கு நாமும் சென்றிருந்தோம். மாமன் சீர்த்தட்டுகள் வரிசையாய் வந்தன. பந்தியும் நிறைவாக நடந்தது. இலை எடுக்கும் நேரத்தில், எட்டு வயது இளைய மகள் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "அக்காவுக்கு எதற்கு இந்த விழா?" என்று கேட்டாள். சூழ்ந்திருந்த பெண்கள் சிரித்து மழுப்பினார்கள். தாயார் சிரிக்கவில்லை. "இரவு சொல்கிறேன், கண்ணு" என்றார்.