இளைப்பு நோயும் கால் வீக்கமும்

பல வீடுகளில் இப்படி ஒரு பெரியவர் உண்டு. வருஷக்கணக்காக இருமல், நாலு படி ஏறினால் இளைப்பு. இப்போது சாயங்காலமானால் இரண்டு காலும் வீங்கிக்கொள்கிறது. "வயசாச்சு, காலைத் தொங்கப்போட்டே உட்கார்ந்திருக்கார், அதான்" என்று விட்டுவிடுகிறோம். அப்படி விடக்கூடாது, சகோதரிகளே!

நாள்பட்ட இந்த நுரையீரல் நோயை டாக்டர்கள் 'சி.ஓ.பி.டி.' என்பார்கள். பீடி, சிகரெட்டால் மட்டுமல்ல, காலமெல்லாம் விறகடுப்பு ஊதிய பாட்டிமார்களுக்கும் இது வரும். மூச்சுக்குழாயோடு நிற்காமல் ரத்தக் குழாய்களையும் இது பிடிக்கும்.

எப்படி? யாருமில்லாத அறையில் விளக்கெதற்கு என்று நாம் சுவிட்சை அணைக்கிறோம் இல்லையா? நுரையீரலும் அப்படித்தான். காற்று சரியாகப் போகாத பகுதிக்கு ரத்தம் எதற்கு என்று அங்குள்ள குழாய்களைச் சுருக்கிவிடும். நுரையீரல் முழுக்கவே பிராணவாயு குறைந்தால் எல்லாக் குழாயும் சுருங்கும். அப்போது ரத்தத்தை அங்கே தள்ளுகிற இருதயத்தின் வலது பக்கம் திணறும். நாளாக நாளாகக் களைத்துப் போகும். ரத்தம் பின்னால் தேங்கி, காலில் நீர் கோத்துக்கொள்ளும். விரலால் அழுத்தினால் குழி விழும்.

உடம்பின் மற்ற ரத்தக் குழாய்களுக்கும் பாதிப்பு உண்டு. குழாயின் உட்புறச் சவ்வு நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயுவைச் சுரந்து, குழாயைத் தளர்த்தி வைக்கிறது. இதைக் கண்டுபிடித்த 3 அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 1998-ல் நோபல் பரிசு கிடைத்தது. புகை அந்தச் சவ்வைக் கெடுத்துவிடும். குழாய் விறைத்துப் போகும். அதனால்தான் இந்த நோயாளிகளுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் மற்றவர்களைவிட அதிகம். நெஞ்சு வலித்தால் 'வாயு' என்று பெருங்காயம் கரைத்துக் கொடுத்துக்கொண்டு உட்காராதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வீட்டில் நாம் கவனிக்க வேண்டியவை:

* கால் வீங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள். மருந்துக் கடையில் நீங்களாகவே நீர் மாத்திரை வாங்காதீர்கள்.

* ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் ரத்தக்கட்டாக இருக்கலாம். தாமதிக்கவே கூடாது.

* பிராணவாயு மிகவும் குறைந்தவர்கள் தினமும் 15 மணி நேரம் அதை எடுத்துக்கொண்டால் ஆயுள் நீடிக்கிறது என்று 1981-ல் பிரிட்டனில் வெளியான ஆராய்ச்சி காட்டியது. டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் திருகி வைக்காதீர்கள், அதிகமானாலும் ஆபத்து. பக்கத்தில் அடுப்பு, விளக்கு, ஊதுவத்தி எதுவும் கூடாது.

* படுத்தே இருக்க விடாமல், டாக்டரைக் கேட்டுக்கொண்டு, முடிந்தவரை நடக்க வையுங்கள். உப்பு, ஊறுகாய், அப்பளத்தைக் குறையுங்கள்.

* புகை பிடிப்பதை எந்த வயதில் விட்டாலும் நல்லதுதான். விறகடுப்பிலேயே சமைக்க வேண்டியிருந்தால் ஜன்னலைத் திறந்து வையுங்கள். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊதாதீர்கள்.

இருமலுக்குக் கஷாயம் வைக்கிற கை, தினமும் ஒரு தடவை அவர் கணுக்காலையும் தொட்டுப் பார்க்கட்டும்.