யோகோஹாமாவின் 18 மீட்டர் 'கன்டம்' ரோபோ உண்மையிலேயே நடந்ததா?

சுமார் ஆறு மாடி உயரம், 25 டன் எடை. ஜப்பானின் யோகோஹாமா துறைமுகத்தில் 2020 டிசம்பர் முதல் 2024 மார்ச் வரை ஒரு ரோபோ கையைத் தூக்கியது, விரலை மடக்கியது, ஒரு அடி முன்னே எடுத்து வைத்தது. 1979-ல் டிவியில் வந்த 'கன்டம்' கார்ட்டூன் ரோபோவின் அசல் அளவு மாதிரி அது. கதையில் அதன் உயரம் 18 மீட்டர். நிஜத்திலும் அதே 18 மீட்டர்.

வீடியோவில் பார்த்தவர்கள் பலரும் கேட்டது ஒன்றுதான்: இது நிஜமாவே நடக்குதா?

இல்லை. ரோபோவின் இடுப்பைப் பின்னாலிருந்து ஒரு இரும்புத் தாங்கி பிடித்திருந்தது. முன்னே போனதும், மேலே கீழே நகர்ந்ததும் அந்தத் தாங்கிதான். அதற்கேற்ற மாதிரி கால்கள் அசைந்தன, அவ்வளவே. உடம்பின் பாரம் பாதத்தில் இறங்கவே இல்லை.

ஏமாற்று வேலையா?

அப்படிச் சொல்ல முடியாது. சின்னக் கணக்கு ஒன்று போட்டால் புரிந்துவிடும். 1.8 மீட்டர் உயரமும் 80 கிலோ எடையும் உள்ள ஒருவரை அப்படியே பத்து மடங்கு பெரிதாக்குவோம். உயரம், அகலம், தடிமன் மூன்றுமே பத்து மடங்காகும். அப்போது எடை ஆயிரம் மடங்கு, அதாவது 80 டன். பாதத்தின் பரப்போ நூறு மடங்குதான் கூடும். ஆக, ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் முன்பைவிட பத்து மடங்கு பாரத்தைச் சுமக்க வேண்டும். முழங்காலுக்கும் இதே கதிதான். நடக்கும்போது ஒரு நொடி ஒற்றைக்காலில் நிற்க வேண்டுமே, அப்போது மொத்தமும் ஒரு காலில். தடுமாறி விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

அதனால்தான் எடையைக் குறைப்பதே பெரிய வேலையானது. உள்ளே எஃகுச் சட்டம், வெளியே கார்பன் இழை கலந்த பிளாஸ்டிக் என்று 25 டன்னுக்குள் நிறுத்தினார்கள். 'கன்டத்தை நகர வைப்போம்' என்ற திட்டத்தை 2014-ல் அறிவித்தபோது குறி 2019. தொடரின் 40-வது ஆண்டு. மக்கள் பார்வைக்கு வந்தது 2020 டிசம்பரில்.

யாருக்கு லாபம்?

தொடர் முதலில் ஓடியபோது பார்க்க ஆளில்லை. 52 எபிசோடு திட்டமிட்டு 43-லேயே முடித்துவிட்டார்கள். காப்பாற்றியது 1980-ல் பண்டாய் நிறுவனம் விற்பனைக்கு விட்ட பிளாஸ்டிக் பொம்மைகள். 2009-ல் டோக்கியோவின் ஒடைபாவில் முதல் 18 மீட்டர் சிலையை வைத்தபோது 52 நாளில் சுமார் 41.5 லட்சம் பேர் வந்தார்கள். இதைவிடப் பெரிய விளம்பரம் வேறென்ன வேண்டும்?

ஆனால் அதே 2009-ல் கோபே நகரத்தின் நாகாதா பகுதியில் எழுந்த ராட்சத ரோபோவின் கதை வேறு. 1995 ஜனவரி 17 பூகம்பத்தில் 6,400-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். நாகாதாவில் மர வீடுகளும் சின்னச் சின்ன காலணிப் பட்டறைகளும் தீயில் கருகின. பிறகு புதுக் கட்டடங்கள் வந்தன. கடைத்தெருவுக்கு ஆட்கள்தான் வரவில்லை. ஊர்க்காரர்கள் தேர்ந்தெடுத்தது 'டெட்சுஜின் 28' என்ற காமிக்ஸ் ரோபோவை. அதை வரைந்த மிட்சுதெரு யோகோயாமா கோபேக்காரர். சுமார் 13.5 கோடி யென் செலவில், 50 டன் எஃகில் சிலை எழுந்தது. முஷ்டியை நீட்டி நிற்கும், அசையாது.

இரண்டில் அசைந்தது இப்போது யோகோஹாமாவில் இல்லை. அதன் பாகங்களைக் கொண்டு 2025 ஒசாகா கண்காட்சியில் மண்டியிட்ட நிலையில் ஒரு கன்டத்தை வைத்தார்கள், அது நகரவில்லை. நாகாதாவின் எஃகு ரோபோ ரயில் நிலையத்துக்குப் பக்கத்துப் பூங்காவில், வெளுத்துப்போன பெயின்ட்டைப் புதுப்பித்துக்கொண்டு, அதே இடத்தில் நிற்கிறது.