வெட்டிய தென்னை வீட்டுக்கு வரட்டும்

கம்பம் பள்ளத்தாக்கில் கேரள வாடல் நோய் புகுந்த தோப்புகளில் காய்ப்பு ஒடுங்கிய மரங்களை வெட்டி அகற்றுவதே பரிந்துரை. நோயைக் குணமாக்க மருந்து இல்லாததால் விவசாயிக்கும் வேறு வழியில்லை. சாய்த்த மரமோ விறகு விலைக்குப் போகிறது. தோப்பிலேயே மட்கவிட்டால் காண்டாமிருக வண்டு அதில் பெருகி, நல்ல மரங்களையும் குடையும். அதே தோப்புக்காரர் கொட்டகை போட இரும்புக் குழாயைக் காசு கொடுத்து வாங்குகிறார். இது வீண் நட்டம்.

தென்னங்கட்டைக்கு வலு இல்லை என்பது பாதி உண்மைதான். தேக்குக்கும் வேங்கைக்கும் வைரம் உள்ளே. தென்னைக்கு அது ஓரத்தில். முதிர்ந்த மரத்தின் அடித்துண்டைக் குறுக்கே அறுத்தால் தெரியும்: விளிம்பை ஒட்டிக் கரும்பழுப்பு நார்ப்புள்ளிகள் நெருக்கியடித்து நிற்கும், நடுவே வெளிறிய சோறு. விளிம்புக் கட்டையின் அடர்த்தி கன மீட்டருக்கு 600 கிலோவைத் தாண்டும்; நடுப்பகுதியில் 400-க்கும் கீழ். மேலே போகப் போக அதுவும் குறையும்.

ஆகவே எல்லாம் அறுப்பில்தான் இருக்கிறது. கட்டையைப் புரட்டிப் புரட்டி ஓரப் பலகைகளைத் தனியே எடுக்க வேண்டும். கைமரமும் தூணும் அதிலிருந்து மட்டும்; சோறு கூரைக்கு ஆகாது. கைமரத்தைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி வைப்பதை நம் தச்சர்கள் அறிவார்கள்: உயரம் இரு மடங்கானால் தாங்கும் பளு நான்கு மடங்கு, விறைப்பு எட்டு மடங்கு. மரத்திலுள்ள சிலிக்கா சாதாரண ரம்பப் பல்லை மழுக்கிவிடும், கார்பைடு பல் தேவை. அறுத்த சூட்டோடு போரான் கரைசலில் ஊறவைத்து, நிழலில் காயவைத்து, மழை படாத கூரைக்கடியில் பயன்படுத்தினால் பூச்சியும் பூஞ்சையும் எளிதில் அண்டாது. ஈரம் ஏறாமல் தூணின் அடியில் கல் கொடுப்பது நம் பழைய வழக்கம்தானே!

தென்னங்கட்டையில் கட்டுவதைப் பிலிப்பைன்ஸ் நெடுங்காலமாகச் செய்கிறது. மணிலாவில் தென்னை மாளிகை ஒன்றையே எழுப்பியிருக்கிறார்கள். இங்கும் மத்தியப் பொதுப்பணித் துறை, தன் கட்டடங்களில் மரம் பயன்படுத்த 1993-இல் விதித்த தடையை 2020-இல் நீக்கிவிட்டது.

சின்னமனூரிலோ கம்பத்திலோ அறுவை ஆலையும் ஊறவைக்கும் தொட்டியும் கொண்ட ஒரு பொது மையம் போதும். விவசாயிகளின் உற்பத்தியாளர் நிறுவனமே அதை நடத்தலாம். ஆனால் பார்க்காத கட்டையைத் தச்சர் நம்பமாட்டார், வீடு கட்டுபவரும் கேட்கமாட்டார். ஆகவே இந்தப் பள்ளத்தாக்கில் அடுத்து எழும்பும் அரசு விளைபொருள் கொட்டகை ஒன்றின் கூரையை, பொறியாளர் கணக்கிட்டுத் தந்த அளவில், உள்ளூர்த் தென்னையிலேயே போடட்டும்.