பட்டனை அமத்தினா ஆருக்குக் காசு?

வோக்கி டோக்கி மாதிரி பட்டனை அமத்திப் பிடிச்சுக் கதைக்கிற கைபேசிச் சேவைக்கு ஆர் காசு கட்டுகினம்? அநேகமாகக் கதைக்கிற ஆள் இல்லை. அவருடைய முதலாளி.

அமெரிக்காவின் நெக்ஸ்டெல் கம்பனி இதை வைத்துத்தான் பெரிசானது. அதன் ‘டைரக்ட் கனெக்ட்’ சேவையில் மணி அடிக்காது. ஒரு கீச்சுச் சத்தம், உடனே மேற்பார்வையாளரின் குரல். கட்டட வேலை, பிளம்பிங், லொறி ஓட்டம் எண்டு கையில் எப்பவும் வேலை இருக்கிற ஆட்களுக்கு உண்மையிலேயே வசதிதான். ஆனால் நெக்ஸ்டெல் போனிலிருந்து நெக்ஸ்டெல் போனுக்கு மட்டும்தான் அது வேலை செய்தது. ஆகவே முழு வேலையாட்களுக்கும் வாங்க வேணும். விடுறதெண்டாலும் எல்லாரும் சேர்ந்துதான் விட வேணும். மாதக் கட்டணம் தவறாமல் வந்துகொண்டிருந்தது. அதற்கான ‘ஐடென்’ தொழில்நுட்பத்தைச் செய்த மோட்டோரோலா, கோபுரக் கருவியையும் கைபேசியையும் விற்று இன்னொரு பக்கத்தால் உழைத்தது.

2005இல் ஸ்பிரிண்ட் ஏறத்தாழ 35 பில்லியன் டொலருக்கு நெக்ஸ்டெல்லைச் சேர்த்துக்கொண்டது. மூன்று வருடத்துக்குள்ளேயே அதில் பெரும்பகுதியை நட்டமாகக் கணக்கில் காட்டியது. 2013 ஜூனில் ஐடென் வலையமைப்பையும் நிப்பாட்டியாயிற்று.

வியாபாரம் மட்டும் சாகவில்லை, செயலிக்குள் குடிபெயர்ந்தது. செல்லோ சாதாரண பாவனையாளருக்கு இலவசம். 2017 ஹார்வி புயல் வெள்ளத்தில் ஹூஸ்டனில் தன்னார்வலர்கள் படகுகளை அனுப்பியது அதை வைத்துத்தான். விளம்பரச் செலவில்லாமலே கம்பனிக்குப் பெயர் கிடைத்தது. காசு வாற இடம் வேறு: நிறுவனங்களுக்கான ‘செல்லோ வேர்க்’, ஆளுக்கு மாதம் இவ்வளவு எண்டு. அதில் விற்கிறது குரலை மட்டுமில்லை. ஊழியர் இப்ப எங்க நிற்கிறார் எண்டு வரைபடத்தில் காட்டுறது, கதைச்சதைப் பதிந்து வைக்கிறது, இதெல்லாம் சேர்த்துத்தான் விலை.

எங்களுக்கு உறுத்துறது இதுதான். சாதாரண அழைப்பெண்டால் எடுக்காமல் விடலாம். இங்கே குரல் கேட்காமலே காதுக்குள் வந்து விழும். மறுக்க முடியாத அந்த நிலைக்குத்தான் முதலாளி காசு கட்டுகிறார். தொழிலாளியோ சாப்பாட்டு நேரத்திலும் அந்தக் கருவியைக் கழற்றி வைக்கப் பயப்பிடுகிறார்.

பிரான்ஸில் வேலை நேரத்துக்கு வெளியே தொடர்பைத் துண்டிக்கும் உரிமை 2017இலிருந்து சட்டத்தில் இருக்கிறது. இந்தச் செயலிகளைச் செய்யிற கம்பனிகளிடமும் நாங்கள் அதையே கேட்க வேணும். வேலை நேரம் முடிஞ்சதும் குரலும் இருப்பிடமும் தானாகவே நிற்கட்டும். தன்னுடைய பதிவுகளைத் தொழிலாளியும் திறந்து கேட்கட்டும். இரண்டுமே தொழில்நுட்பத்துக்குக் கஷ்டமான காரியமில்லை, கட்டணம் கட்டுற ஆளுக்குத்தான் பிடிக்காது.