அநாதை யார்?

சென்ற மாதம் நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி காப்பி கொண்டு வந்தாள். "என் நாத்தனார் பெண். அப்பா, அம்மா இரண்டு பேருமே இல்லை, பாவம், அநாதை. நாங்கள்தான் வைத்துக்கொண்டிருக்கிறோம்" என்றார் நண்பரின் மனைவி. பரிவோடுதான் சொன்னார். அந்தப் பெண் தரையைப் பார்த்தாள். அதற்குமேல் எனக்குக் காப்பி இறங்கவில்லை.

வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டினேன். (பத்திரிகைக்காரன் வேறென்ன செய்வான்!) தாய் தகப்பன் இல்லாத குழந்தைதான் அநாதை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். தாய் தகப்பன் பேச்சே அந்தச் சொல்லில் கிடையாது. 'நாதன்' இல்லாதவர், அதாவது காப்பாற்ற ஆள் இல்லாதவர் என்றுதான் அர்த்தம்.

இன்னொரு வேடிக்கை. சீதா சீதையானதுபோல், 'அநாதா' என்ற வடமொழிப் பெண்பாற் சொல்தான் அநாதை ஆயிற்று. நாதன் என்றால் கணவன் என்றும் பொருள் உண்டல்லவா? புராணக் கதைகளில் கணவனை இழந்த ராணிகள், தோளுக்குமேல் வளர்ந்த பிள்ளை பக்கத்தில் நிற்கும்போதே அநாதையானேன் என்று புலம்புவார்கள். ஆண்பாலுக்கு அநாதன் என்று ஒரு சொல் இருக்கத்தான் இருக்கிறது. அதை யார் சீந்துகிறார்கள்?

முஸ்லிம்கள் 'எத்தீம்' என்பது தகப்பனை இழந்த சிறு குழந்தையை. தாய் இருந்தாலும் எத்தீம்தான். தமிழ் பைபிளில் 'திக்கற்ற பிள்ளைகள்' என்று வருகிறது. நம் நாட்டு இளைஞர் நீதிச் சட்டம், 2015-ல் வந்தது, பழைய அர்த்தத்தை ஒட்டியே போகிறது. பெற்றோரோ, தத்தெடுத்தவரோ, சட்டப்படியான பாதுகாவலரோ இல்லாத குழந்தை மட்டுமல்ல. பாதுகாவலர் இருந்தும் அவருக்குப் பேண மனமோ சக்தியோ இல்லையென்றால், அந்தக் குழந்தையும் அநாதைதான்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி இதையெல்லாம் யோசித்தாரோ என்னவோ, தாம் சென்னையில் தொடங்கிய விடுதிக்கு 'அவ்வை இல்லம்' என்று பெயர் வைத்தார். அங்கே வளரும் பெண் விலாசம் எழுதும்போது கூச வேண்டியதில்லை.

மறுநாள் நண்பரின் மனைவிக்குப் போன் செய்தேன். "அவளை அநாதை என்றால், காப்பாற்ற நீங்கள் இல்லை என்றல்லவா ஆகிறது?" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"அப்படியானால் வருகிறவர்களிடம் என்னவென்றுதான் சொல்வது?"

"முதலில் சொன்னீர்களே, நாத்தனார் பெண் என்று. அதோடு நிறுத்திக்கொள்ளுங்களேன்."