முதல் குல்லாய்

ஊசி என்றால் நம் வீடுகளில் ஒரே ஒரு காரியந்தான் ஞாபகத்துக்கு வரும். கிழிந்ததைத் தைப்பது அது. ஆனால் இரண்டு நீண்ட ஊசிகளையும் ஒரு நூலுண்டையையும் வைத்துக்கொண்டு, துணியே இல்லாத இடத்தில் துணியை உண்டாக்குகிற வித்தை ஒன்று உண்டு. பின்னல் வேலை என்று அதற்குப் பெயர். வீட்டில் ஒரு குழந்தை வரப்போகிறது என்றதும் அநேகம் பெண்களுக்கு இந்த வித்தையைக் கற்க வேண்டுமென்ற ஆசை உண்டாகிறது. ஆசை உண்டான மறு நிமிஷமே ஆட்சேபணைகளும் உண்டாகின்றன.

சைதாப்பேட்டையில், காரணீஸ்வரர் கோயிலுக்குச் சமீபத்தில், நமக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றில் இப்பொழுது இந்த விவாதம் நடந்துகொண்டிருக்கிறது. மருமகளுக்கு ஆறாவது மாதம். ஒரு ஜோடி ஊசியும் ஓர் உண்டை நூலும் வாங்கி வந்திருக்கிறாள்.

"அம்மாடி, பிள்ளை பிறக்குமுன் சட்டை பின்னுவதாவது! நம் வழக்கத்தில் இல்லை. எடுத்து உள்ளே வை" என்றார் மாமியார்.

"சட்டை இல்லை, அத்தை. கை பழகுவதற்குத்தான்" என்றாள் மருமகள்.

மாமனார் பத்திரிகையிலிருந்து தலையை எடுக்காமலே இரண்டு கேள்விகள் கேட்டார். "இந்த ஊர் வெயிலில் பின்னல் சட்டை எதற்கு? வேண்டுமென்றால் ஒரு ஸ்டேஷன் தள்ளி மாம்பலத்தில் இறங்கினால், ரங்கநாதன் தெருவில் குவியல் குவியலாய்க் கிடைக்கிறதே?"

மூன்று ஆட்சேபணைகளும் அலட்சியம் செய்யத் தக்கவை அல்ல. ஆகையால் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதலில் வெயில். சென்னையில் 2003-ம் வருஷம் மே மாதம் 31-ந் தேதி வெப்பம் 45 டிகிரி செல்ஸியஸைத் தொட்டது. அப்படிப்பட்ட ஊரில் சிசுவுக்குக் கம்பளிச் சட்டை போடுவது அன்பு ஆகாது, தண்டனையே ஆகும். பின்னல் வேலைப் புஸ்தகங்களில் உள்ள மாதிரிகள் பெரும்பாலும் பனி பெய்கிற தேசத்துக் குழந்தைகளை உத்தேசித்து எழுதப்பட்டவை. அவற்றை அப்படியே நம் ஊரில் கையாளுவது, சித்திரை மாதத்தில் கணப்பு மூட்டிக் குளிர்காய்வது போலத்தான்.

ஆயினும் பின்னல் வேறு, கம்பளி வேறு. மாமனார் இந்தக் கேள்வியைக் கேட்டபோது அவர் மேலே இருந்தது பருத்தி நூலால் ஆன ஒரு பனியன். அதுவும் பின்னல்தான்! சைதாப்பேட்டை முற்காலத்தில் நெசவாளரும் சாயத் தொழிலாளரும் வாழ்ந்த பேட்டை. அவர்கள் நெய்த துணியில் பாவு நூல் ஒன்று, ஊடை நூல் ஒன்று. இரண்டும் குறுக்கும் நெடுக்குமாகச் சென்று துணியாகும். பின்னலிலோ ஒரே நூல் கண்ணி கண்ணியாக வளைந்து, ஒரு கண்ணிக்குள் மற்றொரு கண்ணி புகுந்து துணியாகிறது. அந்தக் கண்ணிகள் இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். பனியன் உடம்போடு ஒட்டி நிற்பதன் ரகசியம் இதுவே. சதா கைகாலை ஆட்டிக்கொண்டிருக்கும் குழந்தையின் உடம்புக்குப் பின்னல் துணி ஏற்றதாக இருப்பதும் இதனாலேதான். எகிப்து தேசத்து மணலிலிருந்து கிடைத்த, ஏறக்குறைய ஆயிரம் வருஷத்துப் பழைய பின்னல் காலுறைகளில் பருத்தி நூலால் ஆனவையும், அவுரி நீலச் சாயம் தோய்த்தவையும் இருக்கின்றன. ஆகவே வெயில் தேசத்தில் பருத்தியைக் கொண்டு பின்னுவது புதுமையும் அல்ல, அசட்டுத்தனமும் அல்ல.

இரண்டாவது, கடையில் கிடைக்கும்போது கையால் பின்னுவானேன் என்ற கேள்வி. இதுவும் பழைய கேள்விதான். 1589-ம் வருஷத்திலேயே வில்லியம் லீ என்ற ஆங்கிலேயர் காலுறை பின்னுவதற்கு ஒரு யந்திரம் செய்துவிட்டார். இன்று நம் திருப்பூர் யந்திரங்கள் உலகத்துக் குழந்தைகளுக்கெல்லாம் சட்டை பின்னி அனுப்புகின்றன. யந்திரத்தோடு கை போட்டி போடுவது வீண்; சிக்கனம் ஒன்றுதான் நோக்கமானால் ரங்கநாதன் தெருவுக்குப் போவதே விவேகம்.

ஆனால் கடைச் சரக்கு எல்லாம் ஒழுங்கான எடையுள்ள குழந்தைக்காகத் தைத்தவை. இரண்டரைக் கிலோவுக்கும் குறைவான எடையோடு, மாதம் நிரம்பாமலே பிறந்துவிடும் சிசுக்களின் விஷயம் வேறு. தாயின் வயிற்றில் இருக்கும் வரையில் வெப்பத்தைப் பற்றிக் குழந்தைக்குக் கவலையில்லை. வெளியே வந்ததும் ஈரம் காயும்போதே உடம்புச் சூடு குறையத் தொடங்குகிறது. சிசுவின் உடம்பு வெப்பம் 36.5 டிகிரிக்கும் 37.5 டிகிரிக்கும் இடையே இருக்க வேண்டும் என்று வைத்தியர்கள் விதித்திருக்கிறார்கள். நிறைமாதக் குழந்தையின் தோலுக்கடியில் உள்ள கொழுப்பு, சூட்டை ஓரளவு காப்பாற்றும். குறைமாதக் குழந்தைக்கு அந்தப் போர்வை இல்லை. தலையோ உடம்பைப் பார்க்கப் பெரியது. அதன் வழியே சூடு தாராளமாக வெளியேறும். நமக்கு வியர்க்கிற அறையிலேயே அந்தச் சின்ன உயிர் குளிர்ந்து போகக்கூடும். கார்த்திகை மாதத்து மழை இரவிலும், குளிர்சாதன அறையிலும் கேட்க வேண்டியதில்லை.

1978-ம் வருஷத்தில், தென்னமெரிக்காவிலுள்ள கொலம்பியா தேசத்தின் தலைநகரான பொகோட்டாவில், எட்கர் ரே என்னும் டாக்டர் இதற்கு ஓர் எளிய உபாயத்தைத் தொடங்கினார். கங்காரு தன் குட்டியை மடியில் சுமப்பதுபோல, எடை குறைந்த சிசுவைத் தாயின் மார்போடு தோலும் தோலும் படும்படி அணைத்துவைப்பதே அந்த உபாயம். கங்காரு பராமரிப்பு என்று இன்று அதற்குப் பெயர். உலக சுகாதார ஸ்தாபனம் 2022-ல் வெளியிட்ட யோசனைகளில், பிறந்த உடனேயே இதைத் தொடங்கலாம் என்று சொல்லியிருக்கிறது. இப்படித் தாயின் மார்பில் கிடக்கும் குழந்தைக்கு உடுப்பு என்று அநேகமாக ஒன்றும் கிடையாது. இடுப்பில் ஒரு துணி, காலில் உறை, தலையில் ஒரு குல்லாய், அவ்வளவுதான். பின்னல் கற்கத் தொடங்குபவர்களுக்கு இதைக் காட்டிலும் தகுந்த வேலை கிடையாது. சட்டையைப் போல் இதற்குக் கை வேண்டாம், கழுத்து வேண்டாம். ஒரு வாரத்துப் பயிற்சியில் முடிந்துவிடும். முடிந்தால் ஒரு சிசுவின் தலையில் ஏறும்.

மூன்றாவது ஆட்சேபணைதான் கனமானது. பிள்ளை பிறக்குமுன் தொட்டில் வாங்காதே, துணி தைக்காதே என்று நம் பாட்டிமார் சொல்லி வந்திருக்கிறார்கள். பிறந்த குழந்தையை நைந்து மிருதுவான பழைய வேஷ்டித் துண்டில் ஏந்துவதே பல குடும்பங்களில் வழக்கம். மூட நம்பிக்கை என்று சிரித்துவிட்டுப் போவது சுலபம். ஆனால் இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் சிரிப்பு வராது. சுமார் நூறு வருஷத்துக்கு முன், பிரிட்டிஷ் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறக்குறைய 200 குழந்தைகள் முதல் ஆண்டு நிறைவைக் காணவில்லை. ஐந்தில் ஒன்று! அக்காலத்தில் ஆசையோடு தைத்து வைத்த சட்டை, பெட்டிக்குள்ளேயே அணிவாரின்றிக் கிடந்த வீடுகள் எத்தனை இருந்திருக்கும்? அந்தப் பெட்டியைத் திறக்கத் துணியாத தாய்மார் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அவர்கள் தங்கள் பெண்களுக்கு இட்டுச் சென்ற கட்டளையே இது. கண்ணீரில் பிறந்த வழக்கத்தை வாதத்தினால் வெல்ல முடியாது.

2020-ம் வருஷத்து மாதிரிப் பதிவுக் கணக்குப்படி தமிழ் நாட்டில் அந்த எண்ணிக்கை ஆயிரத்துக்கு 13. இந்த மாறுதலை உண்டாக்கியவர்கள் டாக்டர்களும் நர்ஸ்களும் மட்டும் அல்லர். சுத்தமான தண்ணீரும் தடுப்பூசியும் தாயின் படிப்பும் அதில் சேரும். என்றாலும் அந்தப் பதின்மூன்றில் ஒன்றாக நம் வீட்டுக் குழந்தை இராதென்று மாமியாருக்கு யார் உத்தரவாதம் கொடுப்பது? ஆகையால் அவருடைய பயத்தை மதிப்போம். மதித்துக்கொண்டே, மருமகளின் ஊசிகளுக்கும் வேலை கொடுப்போம். எப்படி என்றால், முதல் குல்லாய் பிறக்கப்போகும் குழந்தைக்கு வேண்டாம். ஏற்கெனவே பிறந்து, ஆஸ்பத்திரியில் எடைக்காகக் காத்துக்கொண்டிருக்கும் யாரோ ஒருவருடைய குழந்தைக்கு இருக்கட்டும். அதைச் சகுனத் தடை என்று எந்தப் பாட்டியும் சொல்லமாட்டாள். புண்ணியம் என்றே சொல்லுவாள். நம் வீட்டுக் குழந்தை க்ஷேமமாகப் பிறந்த பிற்பாடு, பழகிய கை இருக்கவே இருக்கிறது.

இனி வேலைக்கு வருவோம். நாலு மில்லிமீட்டர் கனமுள்ள மூங்கில் ஊசி ஒரு ஜோடி வாங்கவும். உலோக ஊசியில் கண்ணிகள் வழுக்கி ஓடிவிடும். நூல் வெளிர் நிறமாக இருக்கட்டும். கறுப்பு நூலில் கண்ணி கண்ணுக்குத் தெரியாது. பருத்தி நூல் அதிகம் நீளாததால் ஆரம்பத்தில் விரல் வலிக்கும். ஆகையால் முதல் பயிற்சியை மலிவான அக்ரிலிக் நூலில் செய்துவிட்டு, குழந்தைக்கான வேலையைப் பருத்தியில் செய்யலாம். அக்ரிலிக் வியர்வையை உறிஞ்சாது என்பதை மறக்க வேண்டாம்.

ஊசியில் முதல் வரிசைக் கண்ணிகளை ஏற்றிய பிறகு, வித்தை நாலே அசைவுகளில் அடங்கும். வலது ஊசியை இடது ஊசியின் கண்ணிக்குள் நுழைக்க வேண்டும். நூலை அதன்மேல் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். புதுக் கண்ணியை உள்ளேயிருந்து இழுத்துக்கொள்ள வேண்டும். பழைய கண்ணியை நழுவ விட வேண்டும். இருபது கண்ணியில் ஒரு சதுரம் பின்னிப் பழகுங்கள். ஒவ்வொரு வரிசை முடிந்ததும் எண்ணுங்கள். புதிதாகப் பின்னுகிறவர் கையில் இருபது கண்ணி தானாகவே இருபத்து மூன்றாகும், பிறகு பதினெட்டாகும். எண்ணினால்தான் பிழை இருக்கும் இடம் தெரியும். நழுவிய கண்ணி ஏணிப்படிபோல் கீழே இறங்கிக்கொண்டே போகும். அதைக் குரோஷே கொக்கி ஊசியால் படிப்படியாக மேலே தூக்கிவிடலாம்.

சதுரம் ஒழுங்கானதும், அதில் 10 சென்டிமீட்டர் அகலத்தில் எத்தனை கண்ணி இருக்கிறது என்று பாருங்கள். 22 இருப்பதாக வைத்துக்கொள்வோம். நிறைமாதக் குழந்தையின் தலைச் சுற்றளவு சுமார் 35 சென்டிமீட்டர். பின்னல் நீளுமாதலால் குல்லாய்க்கு 32 போதும். ஆகவே 70 கண்ணி ஏற்றி, 14 சென்டிமீட்டர் உயரம் வரையில் நேராகப் பின்னி, கடைசி வரிசைக் கண்ணிகளுக்குள் நூலைக் கோத்துச் சுருக்கி இழுத்து, ஓரத்தைத் தைத்துவிட்டால் குல்லாய் ஆயிற்று. குறைமாதச் சிசுவின் தலை இதைவிடச் சிறியது. எந்த அளவு வேண்டும், வெளியிலிருந்து வரும் துணியை ஏற்றுக்கொள்வார்களா என்பதையெல்லாம் ஆஸ்பத்திரி நர்ஸிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது உத்தமம்.

சில எச்சரிக்கைகள். குல்லாயில் பொத்தான், குஞ்சம், கழுத்தில் கட்டும் நாடா எதுவும் கூடாது. உட்புறத்தில் தொங்கும் ஒற்றை நூலிழை பிஞ்சு விரலில் சுற்றிக்கொண்டு ரத்த ஓட்டத்தையே தடுத்துவிடும். ஆகையால் நூல் முனைகளைத் துணிக்குள்ளேயே கோத்து மறைக்க வேண்டும். காலுறை பின்னுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். துவைத்து, நல்ல வெயிலில் காயவைத்த பிறகே கொடுக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் குளிருக்குப் போட்ட குல்லாயை, எடை ஏறி வீட்டுக்கு வந்த குழந்தைக்குத் தூங்கும்போது போடலாகாது. சூடு மிஞ்சிப்போவதும் ஆபத்தே.

இவ்வளவு சின்ன வேலையால் என்ன பெரிதாக நடந்துவிடும் என்று கேட்பவர்கள், நம் பட்டணத்துப் பெண்கள் செய்து காட்டியதைப் பார்க்கலாம். சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய 'மதர் இந்தியாஸ் குரோஷே க்வீன்ஸ்' என்ற பெண்கள் கூட்டம், 2016-ம் வருஷம் ஜனவரி 31-ந் தேதி சென்னையில் 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள போர்வையை விரித்துக் கின்னஸ் சாதனைப் புஸ்தகத்தில் இடம் பெற்றது. அது இரட்டை ஊசியில் பின்னியதல்ல, ஒற்றைக் கொக்கி ஊசியின் குரோஷே வேலை. ஆனாலும் அத்தனை பெரிய பரப்பும் தனித்தனிப் பெண்கள் தங்கள் வீடுகளில் பின்னிய துண்டுகளை ஒன்றாக இணைத்து உண்டானதுதான். அங்கே இணைந்த கைகளில் ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் முதல் கண்ணியைப் போடத் தெரியாமல் தடுமாறிய கைதான்.

முதல் குல்லாய் கோணலாகத்தான் வரும். ஒரு பக்கம் இறுகியும் ஒரு பக்கம் தளர்ந்தும் இருக்கும். அதற்காக அதை அவிழ்த்து உண்டையாக்கிப் பரண்மேல் போட்டுவிட வேண்டாம். கண்ணி எதுவும் நழுவாமல் இருந்து, நூல் முனைகள் மறைந்து, சுத்தமாகத் துவைத்ததாகவும் இருந்தால் போதும். அதைப் போட்டுக்கொள்ளப்போகிற சின்னப் பெரியவர் அழகைப் பற்றி அபிப்பிராயம் சொல்லமாட்டார். அவருக்கு வேண்டியது கதகதப்பு ஒன்றே.