தோல்வி யாருக்குக் கட்டுப்படியாகும்?

1991 தீபாவளிக்குத் 'தளபதி'யோடு மோதிய 'குணா' வசூலில் தோற்றது. 2024இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' வந்தபின் அன்று பிறந்திராத இளைஞர்களும் அதைத் தேடிப் பார்த்தார்கள். 2003 பொங்கலுக்கு வந்த 'அன்பே சிவம்' திரையரங்கில் ஓடவில்லை, தொலைக்காட்சியில் வாழ்ந்தது. 2010இல் பலரும் நிராகரித்த 'ஆயிரத்தில் ஒருவன்' 2021 கடைசியில் மறுவெளியீடு கண்டது. காலத்தை முந்திய படங்கள் என்று இவற்றைக் கொண்டாடுகிறார்கள். கொண்டாடட்டும். ஆனால் காலம் தானாக எந்தப் படத்தையும் மீட்பதில்லை.

மீட்க வேண்டுமானால் முதலில் பிரதி மிஞ்சியிருக்க வேண்டும். உரிமையை யாராவது காப்பாற்றி வைத்திருக்க வேண்டும். தொலைக்காட்சி திரும்பத் திரும்பப் போட நட்சத்திர முகம் வேண்டும். பணமும் சமூகச் செல்வாக்கும் உள்ளவருக்குத் தோல்வி ஓர் இடைவேளை. இல்லாதவருக்கு அதுவே 'வணக்கம்'.

மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமாரன்' இதற்குச் சாட்சி. ஜே.சி.டேனியல் எடுத்த அந்தப் படத்தில் நாயர் பெண்ணாக நடித்தவர் பி.கே.ரோசி என்ற தலித் பெண். திருவனந்தபுரத்தில் படம் திரையிடப்பட்டபோது சாதி இந்துக்கள் திரையில் கல்லெறிந்தார்கள். ரோசி ஊரைவிட்டுத் தப்பித் தமிழகம் வந்தார். பிறகு அவர் நடிக்கவே இல்லை. டேனியலும் இன்னொரு கதைப்படம் எடுக்கவில்லை. வறுமையில் வாழ்ந்து 1975இல் இறந்தார்.

மரியாதை பின்னால் வந்தது. கேரள அரசு டேனியல் பெயரில் விருது வைத்தது. 2013இல் அவர் கதை 'செல்லுலாய்ட்' என்ற படமானது. 2023இல் கூகுள் தன் முகப்பில் ரோசியின் சித்திரத்தை வைத்தது. ஆனால் 'விகதகுமாரன்' பிரதி ஒன்றுகூட இல்லை. ரோசி நடித்த ஒரு காட்சியையும் இனி யாரும் பார்க்க முடியாது. அந்தப் படத்தைத் தோற்கடித்தது ரசனை அல்ல, கல்.

இன்று கல் தேவையில்லை. காட்சி நேரத்தைக் குறைத்தாலே போதும். தலித் ஒருவரின் உடலைப் பொதுப்பாதையில் எடுத்துச்செல்ல நடக்கும் போராட்டத்தைச் சொன்ன அம்ஷன் குமாரின் 'மனுசங்கடா' கெய்ரோ, கோவா திரைப்பட விழாக்கள்வரை போனது. 2018இல் திரைக்கும் வந்தது. நம் ஊர்களில் எத்தனை பேர் பார்த்தோம்?

எங்கள் திருநாவலூரில் பிறந்த சுந்தரர், திருத்தொண்டத்தொகையில் நந்தனாரைத் 'திருநாளைப்போவார்' என்று பாடினார். தில்லைக்கு 'நாளைப் போவேன்' என்று சொல்லியே நாள் கடத்த நேர்ந்தவருக்கு வந்த பெயர் அது. அடியார் பட்டியலில் இடம் கிடைத்தது. ஆனால் பெரியபுராணக் கதைப்படி, தீக்குள் இறங்கிய பிறகுதான் அவர் கோயிலுக்குள் நுழைய முடிந்தது. நம் படைப்புகளுக்கும் அந்த 'நாளை'யைத்தான் காட்டுகிறார்கள்.

நமக்கு நாளைய புகழ் வேண்டாம், இன்றைய திரை வேண்டும். சாதி எதிர்ப்புப் படம் வந்தால் முதல் வாரத்திலேயே பார்ப்போம். திரையரங்கு மறுத்தால் இயக்குநரின் அனுமதி பெற்று, கட்டணம் கொடுத்து, ஆதிதிராவிடர் நலத்துறை விடுதிகளிலும் படிப்பகங்களிலும் சேரித் தெருக்களிலும் திரையிடுவோம். பிரதிகளைப் பாதுகாக்கும்படி அரசைக் கேட்போம். இன்னொரு ரோசிக்குச் சித்திரம் மட்டும் மிஞ்சக் கூடாது.